வாசற்படியில் ஒரு தகரக் குவளை

“செத்தவங்க தண்ணி குடிச்சா, அது எங்க போகும்மா?”

நாபோர் இதைக் கேட்டபோது அவனுக்குப் பால்பல் விழுகிற வயது. கல்லறைத் திருநாளுக்காக வீட்டில் பீடம் ஜோடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை தூரம் நடந்து வருகிற ஆத்துமாக்கள் தாகத்தோடு வருவார்கள் என்று பீடத்தின் மேல்படியில் தண்ணீர் வைத்தாள் தொமித்திலா. ஸ்டூலில் ஏறிக் கேந்திப்பூச் சரம் கட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் செனோன், மகனின் கேள்விக்கு உடைந்த முன்பல் தெரியச் சிரித்தான். “எங்கயும் போகாதுடா. தாகம் அடங்கும், அவ்வளவுதான்,” என்றாள் அவள்.

நாபோர் இப்போது வளர்ந்து, தூரத்து நகரம் ஒன்றில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான். அந்தக் கேள்வி அவளுக்கு மறந்தே போயிருந்தது. அக்காள் வீட்டில் தங்கிவிட்டு வந்த ஒரு சாயங்காலம், சமையலறை சிங்க்குக்கு அடியில் இருந்த அலமாரியைத் திறந்து குனிந்தபோது அது திரும்பி வந்தது. நிறைத்து வைத்துவிட்டுப் போன கேனில் பாதித் தண்ணீர் இல்லை. குழாய் இறுக மூடியிருந்தது. அலமாரிப் பலகையில் விரித்திருந்த செய்தித்தாள் மொறமொறவென்று காய்ந்து கிடந்தது.

நகராட்சிக் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். துவைக்க மட்டும் ஆகும். குடிக்கவும் சமைக்கவும் ஊரில் எல்லோருக்கும் கேன் தண்ணீர்தான். தொமித்திலாவுக்கு அதைக் கொண்டுவந்து இறக்குகிறவர் எவாரிஸ்தோ. சாலை வளைவில் தண்ணீர்க் கடை வைத்திருக்கிறவர்; நாபோருக்கு ஞானத்தகப்பனாக நின்றவர். அந்த உறவில் அவர் அவளுக்குக் கொம்பாத்ரே, அவள் அவருக்குக் கோமாத்ரே. கூடப் பிறந்தவர்களை விடவும் அந்த முறைக்கு மரியாதை அதிகம். ஒருவர் வீட்டுக் கண்ணீரை இன்னொருவர் துடைத்தே ஆக வேண்டும்.

துடைக்கவும் செய்தார். செனோன் அவர் கடையில்தான் வேலை பார்த்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. எவாரிஸ்தோதான் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து சொன்னார்: “எல்லை தாண்டிப் போறேன்னு ஒரே பிடிவாதம், கோமாத்ரே. நானேதான் பஸ் ஏத்தி விட்டேன். உங்க மொகத்தப் பாத்தா போக முடியாதுன்னான்.” அதன் பிறகு ஒரு போன் இல்லை, ஒரு சேதி இல்லை. அந்தப் பக்கம் வேறு குடும்பம் வைத்திருப்பான் என்றது ஊர். தொமித்திலா அவன் படத்தைக் கவிழ்த்துப் பெட்டிக்குள் கம்பளிகளுக்கு அடியில் வைத்தாள். குவளையில் பாதி குடித்துவிட்டு, “மீதி உனக்கு,” என்று நீட்டுகிறவன், ஒரு வார்த்தை சொல்லாமல் போனானே என்பதுதான் அவளைத் தின்றது.

எறிய மனம் வராத அவனுடைய தகரக் குவளைக்கு ஒரு வேலை கொடுத்தாள். திங்கள்கிழமை ஆத்துமாக்களின் நாள். நினைக்க ஆளில்லாத அநாதை ஆத்துமாவுக்கென்று திங்கள்தோறும் அந்தக் குவளையில் தண்ணீர் ஊற்றி வாசற்படியில் வைத்து, ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவாள். காலையில் குவளை காலியாக இருக்கும். தெருநாய் குடித்திருந்தாலும் புண்ணியம்தான் என்று நினைத்துக்கொள்வாள்.

இந்த வருஷம் கேனைத் தூக்கியபோது முதுகு பிடித்துக்கொண்டது. மறுநாளே எவாரிஸ்தோ ஒரு சின்ன மோட்டாரும் டியூபுமாக வந்து நின்றார். அலமாரிக்குள் கேன், அதன் வாய்க்குள் டியூப், சுவரில் மோட்டார், சிங்க் ஓரமாக வாத்துக் கழுத்து மாதிரி ஒரு மெல்லிய குழாய்.

“இனிமே நீங்க ராணி, கோமாத்ரே! வெரல வெச்சா தண்ணி. குழாயத் தெறந்தா மோட்டார் தானா ஓடும், மூடுனா தானா நிக்கும். நம்ம நகராட்சித் தலைவர் இப்படி ஒருநாள் ஓடுனதுண்டா?”

அவள் சிரித்தாள். “மோட்டாருக்கு எவ்வளவு ஆச்சு, சொல்லுங்க கொம்பாத்ரே.”

“நமக்குள்ள என்ன கணக்கு? ஆனா ஒண்ணு. வாசல்ல அந்தக் குவளைய வெக்கறத விட்டுடுங்க. டெங்குக் கொசு வளக்கறீங்கன்னு சுகாதார ஆளு வந்து சத்தம் போடப் போறான்.”

சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வாசற்படியைப் பார்த்தார். இத்தனை உதவி செய்கிறவர் பேச்சைத் தட்டக் கூடாது என்று குவளையைக் கழுவி உள்ளே அடுக்கில் கவிழ்த்தாள். அந்தத் திங்கள்கிழமை வாசற்படி வெறுமையாக இருந்தது.

கேன் தானாகக் குறையத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

எவாரிஸ்தோ வந்து ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்தார். எங்கும் ஈரமில்லை. “காத்து பூந்திருக்கும். அக்கா வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்களே குடிச்சிட்டு மறந்திருப்பீங்க,” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

மறுவாரம், விளக்கு வைத்த நேரம், அடுப்பில் அவரைக்கொட்டை கொதித்துக்கொண்டிருந்த மணமும் சோளரொட்டி சுட்ட கல்லின் சூடும் கலந்த முன்னறையில் செபமாலை உருட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தபோது, சமையலறையில் மோட்டார் ‘குர்ர்ர்’ என்று எழுந்து, ஒரு மனிதன் ஒரு குவளை தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடிக்கிற அளவுக்கு ஓடி, நின்றது. அவள் விரல்கள் மணியிலேயே நின்றுவிட்டன. குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுகிற சத்தம்கூட இல்லை. பிறகு, அந்த அமைதிக்குள், தகரத்தில் எதுவோ இடித்தது.

டிங்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். உடைந்த முன்பல் குவளை விளிம்பில் படுகிற சத்தம். கல்யாணமான நாளிலிருந்து கேட்ட சத்தம்.

போய்ப் பார்த்தாள். அடுக்கில் குவளை இல்லை. அலமாரிக்குள், கேனை ஒட்டி, நிமிர்ந்து இருந்தது. விளிம்பில் ஒரு துளி. பிடியில் களிமண். வெயிலையே பார்த்திராத மண்ணின் வாடை, ஆழத்தில் தோண்டி அப்போதுதான் மேலே போட்ட மண்ணின் வாடை, அலமாரிக்குள்ளிருந்து அவள் முகத்தில் மெதுவாக வந்து படிந்தது.

குவளையைக் கழுவி அடுக்கில் வைத்தாள். மறுநாளும் அது அலமாரிக்குள் இருந்தது. அதற்கு மறுநாளும்.

உயிரோடு இருக்கிறவன் எதற்காக இப்படி வர வேண்டும்? அந்தக் கேள்வியை அவள் முழுதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். சோளமாவு பிசைகிற கையோடு நின்று, வேண்டுமென்றே சத்தமாகப் பாடினாள்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின மதியம் மோட்டார் திணறியது. குழாயைத் திறந்தால் நூல் மாதிரித்தான் தண்ணீர் வந்தது. கேனிலிருந்து டியூபை உருவினாள். கேன் புதிது, மூடியின் முத்திரையை அவளே கத்தியால் கீறியிருந்தாள். டியூபின் வாயில் எதுவோ அடைத்திருந்தது. நகத்தால் பிடித்து இழுத்தாள். ஊறிப்போன பழுப்புக் கம்பளித் துண்டு. அதன் ஓரத்தில் நீல நூல் தையல்.

உத்தரியம். மாதாவின் பெயரால் கயிற்றில் கோத்து செனோன் கழுத்தில் அணிந்திருந்தது. ஓரம் பிரிந்தபோது பழுப்பு நூல் இல்லாமல் நீல நூலால் அவளே தைத்துக் கொடுத்தது. குளிக்கும்போதுகூட அவன் அதைக் கழற்றியதில்லை.

அழ வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பெட்டியைத் திறந்து, கம்பளிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்து, அவன் படத்தை நிமிர்த்தி சால்வை நுனியால் துடைத்தாள்.

சாயங்காலம் எவாரிஸ்தோ தோளில் கேனும் கையில் திருநாள் ரொட்டியுமாக வந்தார். “சாம்பிராணி வாசன தெருக்கோடி வரைக்கும் வருது, கோமாத்ரே! இந்தப் புகையப் பாத்தா ஆத்துமாக்களோட சேந்து போலீஸும் வரும்—”

பீடத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றது. மேல்படியில், கேந்திப்பூக்களுக்கு நடுவே, செனோன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“என்ன காரியம் பண்றீங்க? உயிரோட இருக்கறவன் படத்த வெச்சா அவன் ஆயுசுக்கு ஆகாது. எத்தன தடவ சொல்லிருக்கேன்?”

“ஒவ்வொரு வருஷமும் சொல்லிருக்கீங்க,” என்றாள் தொமித்திலா. “பஸ் ஏத்தி விட்டப்போ அவரு கழுத்துல உத்தரியம் இருந்துச்சா?”

“இருந்துச்சு. சட்டைக்கு வெளிய தொங்கிச்சு. நல்லா ஞாபகமிருக்கு.”

அவள் கையை விரித்தாள். நீலத் தையல் விளக்கு வெளிச்சத்தில் ஈரமாக மின்னியது.

“இது நீங்க குடுத்த கேன்ல இருந்துச்சு, கொம்பாத்ரே.”

அவர் தோளிலிருந்த கேனை இறக்கினார். இறக்கவில்லை, அது நழுவியது. அந்த நேரத்தில்தான் சமையலறையில் மோட்டார் ஓடத் தொடங்கியது. இரண்டு பேரும் முன்னறையில்தான் நின்றார்கள். வீட்டில் வேறு ஆளில்லை. மோட்டார் ஓடியது. நின்றது.

டிங்.

எவாரிஸ்தோ சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“நான் தள்ளல. சத்தியமா தள்ளல. கடைக் கெணறு வத்திப்போச்சு. ஆழமாக்கலாம்னு எறங்கினான். பக்கம் சரிஞ்சிடுச்சு. இடுப்பு வரைக்கும் மண்ணு.”

“உயிரோட இருந்தாரா?”

ஆமாம் என்று அவர் தலையை ஆட்டினார்.

“பேசுனாரா?”

“தண்ணி கேட்டான்.”

“குடுத்தீங்களா?”

“அனுமதி வாங்காத கெணறு, கோமாத்ரே. ஆளக் கூப்பிட்டா கடைய மூடிடுவாங்க. பயந்துட்டேன். மேல பலகையப் போட்டு மூடிட்டுப் போயிட்டேன். காலையில வந்து பாத்தா... ஊத்துக் கண்ணு தெறந்துகிட்டு, கெணறு நெறைய தண்ணி. அன்னிலேந்து வத்தவே இல்ல.”

அந்தத் தண்ணீரில்தான் அவள் சோளமாவு பிசைந்தாள். அந்தத் தண்ணீரைத்தான் காய்ச்சலில் குடித்தாள். வந்து இறங்கும் ஒவ்வொரு கேனுக்கும் ‘கடவுள் உங்களுக்குக் கூலி கொடுப்பார்’ என்று சொன்னாள்.

“வாசல் குவளைய ஏன் எடுக்கச் சொன்னீங்க?”

“ஒரு திங்கக்கெழம கேன் எறக்க வந்தேன். நீங்க உள்ள செபம் பண்ணிட்டிருந்தீங்க. குவள... படியிலேந்து தானா மேல போச்சு. ஒரு ஆளு ஒசரத்துக்கு. சாஞ்சுது.” அவர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்படியென்றால் நாய் இல்லை. யாருமில்லாத ஆத்துமாவுக்கென்று அவள் வைத்த தண்ணீரைக் குடிக்க, தன் வீட்டு வாசலிலேயே அவன் அநாதையாக வந்து நின்றிருக்கிறான். உள்ளே வர அவனுக்கு உரிமையில்லை. பீடத்தில் அவனுக்கு இடமில்லை. கிடைத்த அந்த ஒரு குவளையும் நின்ற பிறகுதான் தாகம் பொறுக்காமல் உள்ளே நுழைந்திருக்கிறான். அவனைத் துரோகி என்று அவள் கவிழ்த்து வைத்திருந்தாள். துரோகம் தோளில் கேனோடு முன்வாசல் வழியாக வந்துபோய்க்கொண்டிருந்தது.

“விடிஞ்சதும் பங்குச் சாமியார்கிட்ட போறேன்,” என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. “அங்கேந்து போலீஸ். கெணத்தத் தோண்டி அவர வெளிய எடுக்கணும். நீங்களும் வாங்க. உங்க ஆத்துமாவுக்கு நல்லது. வரலன்னாலும் நான் போவேன்.”

அவர் தொப்பியை விட்டுவிட்டுப் போனார். கேன் ஏற்றி வந்த வண்டி கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. தெருவில் செருப்புச் சத்தம் மட்டும், ஓடி, தேய்ந்தது.

தொமித்திலா சமையலறைக்குப் போனாள். மோட்டாரின் ஒயரைப் பிடுங்கினாள். முற்றத்தில் மழைக்கு வைத்திருந்த மண்ஜாடியைத் தூக்கி வந்தாள். முதுகு வலித்தது. வலிக்கட்டும்.

அலமாரிக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. களிமண் வாடை.

தரையில் மண்டியிட்டாள். அருகில் கிடந்த குவளையில் மழைத் தண்ணீரை நிறைத்தாள். அதை இருட்டுக்குள் தள்ளினாள்.

“நான் பொய்ய நம்பிட்டேன்,” என்றாள். “குடிங்க.”

எதுவும் நடக்கவில்லை.

பிறகு தகரம் பலகையில் உரசியது.

டிங்.

மிடறு. மிடறு. நின்றது.

குவளை திரும்பி வந்தது. மெதுவாக. வெளிச்சத்தின் விளிம்பு வரை. பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. கலங்கி, பழுப்பாக, அடியில் மண் சுழன்றுகொண்டிருந்தது.

மீதி அவளுக்கு.

கதவின் ஓரத்தைப் பிடித்தபடி நான்கு விரல்கள். அவை போகவில்லை. காத்திருந்தன. மண்ணைப் பிறாண்டிப் பிறாண்டித் தேய்ந்த விரல்கள். நகங்கள் இல்லை.

அவள் பரலோக மந்திரத்தைத் தொடங்கினாள். முடிக்க வரவில்லை. குவளையை எடுத்தாள். கண்ணை மூடவில்லை. மண் பல்லில் நெறுநெறுத்தது. கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. விரல்கள் இன்னும் அங்கேயே இருந்தன.

அவள் ஜாடியை மறுபடியும் சாய்த்தாள்.