நீலத்தில் வந்த பதில்

ஷெரின் கடந்த ஒரு வருஷத்தில் பேசியதெல்லாம் டாக்டர் அசன் மைதீனின் மேசைத்திரையில் இரண்டு நிறங்களில் இருந்தது. கறுப்பு, அவள் பேசியது. நீலம், அவளுடைய இடைநிரப்பி பேசியது. வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் பதிவேட்டை வீட்டாருக்குத் திறந்து காட்ட வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலான வீட்டார் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பஸ் பிடிக்கப் போய்விடுவார்கள். ஷெரினின் அம்மா செல்வகனி இருபத்து நாலு வருஷமாக விடைத்தாள் திருத்துகிற கணக்கு டீச்சர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

ஷெரினுக்கு இருந்தது ஒரு வகை வலிப்பு. வெற்றுக்கணம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கை கால் இழுக்காது, நுரை தள்ளாது. பேசிக்கொண்டிருக்கும்போதே பார்வை நிலைகுத்தும். பத்துப் பதினைந்து வினாடி ஆள் இருக்க மாட்டாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருவாள். போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. மூளைக்குள் கவனத்துக்கு ஒரு வலை, தன்னைப் பற்றிய நினைப்புக்கு ஒரு வலை என்று பல வலைகள் ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பத்து வினாடியில் அவை தங்கள் வேலையைப் போட்டுவிட்டு, வினாடிக்கு மூன்று என்று ஒரே தாளத்தில் அடிக்க ஆரம்பித்துவிடும்.

இடைநிரப்பி காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் உட்கார்ந்திருந்தது. தாளம் தொடங்கும் முன்பே மோப்பம் பிடித்து, நாக்கையும் கையையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். வாக்கியம் அறுபடாது, டம்ளர் கை நழுவாது. எதிரே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. நல்ல கண்டுபிடிப்புதான். நோய் இல்லாதவர்களும், கவனம் தளர்ந்தாலே பொறுப்பெடுக்கும் மலிவு வகையை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். செல்வகனியின் தலைமையாசிரியர் அதை மாட்டிக்கொண்டு ஆண்டு விழாவில் மூன்று மணி நேரம் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்.

செல்வகனி தேடிக்கொண்டிருந்தது டிசம்பர் எட்டாம் தேதியை. அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஷெரின் சொன்ன பதிலை வைத்துத்தான் அவள் இத்தனை மாதமாகத் தூங்குகிறாள்.

ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் ஷெரினுக்குக் கணக்கு எடுத்தது செல்வகனிதான். சொந்த மகளுக்குச் செல்லம் கொடுக்கிறாள் என்று யாரும் நாக்கின்மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது என்பதில் அவள் குறியாக இருந்தாள். மற்றப் பிள்ளைகளுக்கு ஓர் அடி என்றால் ஷெரினுக்கு இரண்டு. வகுப்பில் அம்மா என்று கூப்பிடக் கூடாது, டீச்சர்தான். கேள்வி கேட்டால் அந்தப் பிள்ளை சில நேரம் பதில் சொல்லாமல் முறைத்துப் பார்த்துக்கொண்டே நிற்கும். "திமிரப் பாரு" என்று சொல்லி வெயிலில் முட்டி போட வைப்பாள். இரண்டு வருஷம் இப்படிப் போனது. எட்டாம் வகுப்பில் வேறொரு டீச்சர்தான், "பிள்ளையை ஒரு டாக்டர்ட்ட காட்டுங்க அக்கா" என்றாள்.

தேதி வந்தது. செல்வகனி கேட்டது மேலே அடைப்புக்குறிக்குள் இருந்தது: "ஏட்டி, அந்த ரெண்டு வருஷத்துக்கும் என்னைய மன்னிச்சிருவியா?"

கீழே ஷெரினின் பதில்: "அதையெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்மா. என் நல்லதுக்குத்தானே செஞ்ச."

நீலத்தில் இருந்தது.

செல்வகனி திரையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். நிறம் மாறவில்லை. "டாக்டர், இதுல ஏதோ தப்பு இருக்கு" என்றாள்.

அசன் மைதீன் எட்டிப் பார்த்தார். அவருக்கும் சங்கடமாக இருந்தது. "தப்பு இல்ல டீச்சர். நீங்க கத்துக்குடுத்ததைத்தான் அது சொல்லியிருக்கு."

உண்மைதான். கருவியைப் பொருத்துமுன் மூன்று வாரம் வீட்டில் ஒருவர் அதற்குப் பாடம் எடுக்க வேண்டும். அது ஒரு பதிலைக் காட்டி, 'இவள் இப்படிச் சொல்வாளா?' என்று கேட்கும். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொன்னால் போதும். செல்வகனிக்குக் கை பழகிய பழக்கம் விடவில்லை. சொல்வாளா என்பதைப் பார்க்காமல், சொல்வது சரியா என்று பார்த்துத் திருத்தினாள். 'போம்மா, உனக்கு வேற வேலை இல்ல' என்பதற்குத் தப்பு போட்டாள். 'என் நல்லதுக்குத்தானே' என்பதற்குச் சரி போட்டாள். அப்படி ஆயிரத்து எண்ணூறு கேள்வி.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றார் அசன் மைதீன். "முதல் மாசம் நாளுக்கு ஆறு நிமிஷம் நீலம். இப்ப அம்பது நிமிஷம். ஒவ்வொண்ணும் இருபது வினாடியத் தாண்டல, ஆனா அடிக்கடி வருது. முன்னாடின்னா வீட்ல உள்ளவங்க பாத்துட்டு வந்து சொல்லுவீங்க, மாத்திரையைக் கூட்டுவோம். இப்ப யாரு கண்ணுக்கும் படல. என் கண்ணுக்கும்தான். கருவியைக் கழத்திட்டு மருந்தைச் சரி பண்ணுவோம்."

போன வருஷம் பூராவும் பிள்ளை எவ்வளவு தன்மையாகிவிட்டாள் என்று செல்வகனி கோயிலில் சபை முன்னால் எழுந்து நின்று சாட்சி சொல்லியிருக்கிறாள். தன்மையாக இருந்த நேரமெல்லாம் பிள்ளை அங்கே இல்லவே இல்லை. அது தெரியாமல் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னதை நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

கருவியைக் கழற்றிய பின் ஷெரின் காதுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்திரியோடு வந்தாள். பதினேழு வயது, அம்மாவைவிட உயரம். ஆஸ்பத்திரி கேன்டீனில் இருவரும் டீ வாங்கிக்கொண்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள்.

"யம்மா, ஏன் ஒரு மாதிரி இருக்க? டாக்டர் என்ன சொன்னாரு?"

"மாத்திரை கூட்டணுமாம். அது கெடக்கட்டும். டிசம்பர்ல உங்கிட்ட ஒண்ணு கேட்டேன், ஞாவகம் இருக்கா? துணி மடிச்சிட்டு இருந்தோம்லா?"

ஷெரின் யோசித்தாள். "துணி மடிச்சது ஞாவகம் இருக்கு. நீ ஒண்ணும் கேக்கலியே."

"கேட்டேன். நீ இல்ல அப்போ." செல்வகனி டீயைத் தள்ளி வைத்தாள். "இப்ப கேக்குதேன். ஆறாங் கிளாஸ்லயும் ஏழாங் கிளாஸ்லயும் உன்னைய அடிச்சேன், வெயில்ல முட்டி போட வச்சேன். என்னைய மன்னிச்சிருவியாட்டி?"

ஷெரின் அவளைப் பார்த்தாள். பதில் வரவில்லை.

வெற்றுக்கணம் வந்துவிட்டது என்று செல்வகனி நினைத்தாள். அப்படி நினைத்ததில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. இதே பார்வையைத் திமிர் என்று சொல்லி அடித்தவள், இப்போது கர்த்தாவே, இது நோயாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தில் வினாடி முள் இருபதைத் தாண்டியது. முப்பதைத் தாண்டியது. நாற்பதையும் தாண்டியது.

ஷெரின் கையை நீட்டி, டம்ளர் விளிம்பில் வந்து உட்கார்ந்த ஈயை விரட்டிவிட்டு, மறுபடியும் அம்மாவைப் பார்த்தாள்.