தாய்மணம்

அணையை இடித்த மூன்றாவது வருஷமும் உல்லம் மீன்கள் மேலே ஏறவில்லை. ஆடிப் புதுவெள்ளத்தில் கடலிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் நீந்தி வந்தவை, அணை இருந்த இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு வளைவில் நின்றுவிட்டன. வழியை மறிக்க அங்கே ஒன்றுமே இல்லை. இருந்தும் சுற்றிச் சுற்றி வந்து, முட்டையை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு செத்து மிதந்தன.

மரியபுஷ்பம் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீலியாற்று அணையில் இருபத்தாறு வருஷம், மீன்களைப் பெட்டியில் மேலே தூக்கும் மீன்தூக்கியை ஓட்டியவள் அவள். வேலை போய்விடும் என்று தெரிந்தே, அணையை இடிக்கச் சொன்ன மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். இந்த வருஷமும் மீன் ஏறாவிட்டால் அணையைத் திரும்பக் கட்டுவதென்று நதிமீட்பு வாரியம் முடிவு செய்திருந்தது.

அணைக்காலத்தில் உல்லம் பண்ணைத் தொட்டியில்தான் பிறந்தது. பிறந்த வாரத்தில் நுகரும் வாசனையைத்தான் அது சாகும்வரை வீடு என்று நம்பும். ஆகவே ‘தாய்மணம்’ என்றொரு திரவத்தைத் தயாரித்துத் தொட்டியில் கலந்தார்கள். ஏரித் தண்ணீரில் ஒரு சொட்டு விழுந்தாலும் கண்டுபிடிக்கும்படி மீனின் மரபணுவையும் திருத்தினார்கள். அணையின் அடியில் தாய்மணம் சொட்டினால் போதும், மீன்கள் தாமாக வந்து மீன்தூக்கியின் பெட்டிக்குள் விழும். ஏழு ஆறுகளுக்கும் ஒரே திரவம்தான். ஆற்றுக்கு ஒரு வாசனை செய்ய யாருக்குப் பொறுமை இருந்தது? மற்ற ஆறு அணைகளில் இயந்திரம் சொட்டவிட்டது. மிகப் பழைய நீலியாற்றில் மட்டும் ஆள் கையால் ஊற்ற வேண்டியிருந்தது.

அணையோடு அந்த ஏற்பாடும் போய்விட்டது. தாய்மணம் இல்லாவிட்டால் மீன் தன் ஆதி புத்தியில் மலையடிவாரம் தேடிப் போய்விடும் என்று எல்லாரும் நம்பினார்கள்.

வாரியத்து விஞ்ஞானி தமீம், வாசனையை அளக்கும் மணமானியின் கம்பியைத் தண்ணீரில் விட்டபடி கரையோரமாக வந்தார்.

“அக்கா, இங்க தாய்மணம் காட்டுது. எங்கயோ கசியுது.”

“கசிய என்ன இருக்கு தம்பி? பீப்பாய் அத்தனையும் நாந்தான நின்னு லாரில ஏத்தி விட்டேன்.”

மணமானி ஒரு சிறு வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு போயிற்று. வாய்க்கால் ஒரு வீட்டுக் குளியலறையின் பின்னால் முடிந்தது. அது மரியபுஷ்பத்தின் வீடு. தமீம் தயங்கித் தயங்கிக் கருவியை அவள் உள்ளங்கையருகே கொண்டுவந்தார். முள் கடைசிவரை போய் நின்றது.

“கையுறை போட்டதே இல்லையாக்கா?”

“போட்டா வழுக்கும் தம்பி. மூடி திறக்க வராது.”

“தோலுக்குள்ள ஊறிப்போச்சு. நீங்க குளிக்கிற தண்ணி ஆத்துல விழுது. அதான் மீனு இங்கயே நிக்குது.”

அவள் நம்பவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். ஐந்து நிமிஷத்தில் கணுக்காலைச் சுற்றி மீன்கள் மொய்த்தன. இடிபடாமல் மிச்சமிருந்த அணை தான்தான் என்று புரிந்தபோது அவள் விம்மி அழுதாள்.

“நானே இப்படியே மேல நடந்து கூட்டிட்டுப் போறேனே?”

“பொரிக்கிற குஞ்சுக்கும் உங்க வாசனைதான் பதியும். அப்புறம் வருஷா வருஷம் நீங்க நடக்கணும். உங்களுக்கப்புறம்?”

அவள் கரையேறி வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினாள். மறுநாளே ஊரைவிட்டுக் கிளம்பினாள். மீன் ஏறுவதை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டுமென்ற ஆசையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. வாரியம் அவள் வீட்டை இடித்து, வாய்க்கால் மண்ணையும் சுரண்டி எடுத்துக்கொண்டு போயிற்று.

கடற்கரை நகரத்தில் மகள் ஸ்டெல்லாவின் ஒன்பதாவது மாடி வீட்டுக்கு ஒரு வாரத்தில் தமீமின் போன் வந்தது. “ஏறிடுச்சுக்கா! மலையடிவாரம் வரைக்கும் போயிடுச்சு!” அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். நீலியாற்றைப் பார்த்து, மற்ற ஆறு அணைகளையும் அந்த வருஷமே இடித்தார்கள்; தாய்மணம் சொட்டுவதும் எங்கும் நின்றுபோனது.

அடுத்த ஆடியில் ஒரு காலை, அவள் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இங்க வந்து பாருங்க!” பால்கனியிலிருந்து ஸ்டெல்லா கத்தினாள். “சாக்கடைக் கால்வாய்ல மீனு! ஊரே பையும் வாளியுமா நிக்குது!”

மரியபுஷ்பம் எட்டிப் பார்த்தாள். கடலில் கலக்கும் இடம்வரை கால்வாயில் கறுப்புத் தண்ணீரே தெரியவில்லை. அவ்வளவும் உல்லம். நாற்றத்தில் மூச்சுத் திணறி, வயிறு மேலாகப் புரண்டபடியே, இன்னும் கட்டடத்தை நோக்கி முட்டிக்கொண்டிருந்தன.

போன் அடித்தது. தமீம்.

“அக்கா, இந்த வருஷம் ஏழு ஆத்துலயும் ஒரு மீன்கூட வரல. எங்க போச்சுன்னே தெரியல...”

அவள் போனைக் கீழே வைத்துவிட்டுக் குளியலறைக்கு ஓடினாள். குழாய் மூடித்தான் இருந்தது. அவள் குளித்த தண்ணீரில் கடைசிக் கொஞ்சம் சலசலவென்று சுழன்று துவாரத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு உள்ளங்கைகளாலும் துவாரத்தை அழுத்தி மூடினாள்.