கூரை மேல் ஒரு சாட்சி

பிப்ரவரி 11, செவ்வாய். இன்றைய சிறு பிழை: ஏணியோடு வந்தவனிடம் நோலீன் பெயரைக் கேட்கவில்லை.

அந்தப் பிழை புரிந்தபோது அவள் தன் வீட்டுக் கூரை மேல் நின்றிருந்தாள்!

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் வெயில் மண்டையைப் பிளந்தது.

புயலுக்கு மறுநாள் தபால் பெட்டியில் டாரில் என்ற கான்ட்ராக்டரின் விளம்பரச் சீட்டு கிடந்தது. கூப்பிட்டாள். இன்று இந்த ஆள் வந்தான். "முகடு பெயர்ந்திருக்குக்கா, நீங்களே வந்து பாருங்க" என்றான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவளுக்கு ஏணி ஒரு பொருட்டா? ஏறிவிட்டாள்.

அப்போதுதான் போன் அடித்தது.

"நோலீனா? டாரில் பேசறேன். அட... எடுத்துட்டீங்களா?"

"ஏன், எடுக்கக் கூடாதா?"

"இல்ல... வண்டி பஞ்சர். இன்னைக்கு வர முடியாதுன்னு சொல்லலாம்னு..."

"உங்க ஆள்தான் வந்துட்டாரே!"

"என் ஆளா? நான் யாரையும் அனுப்பலையே!"

போன் துண்டிக்கப்பட்டது.

நோலீன் மெல்லத் திரும்பினாள்.

அவன் சிரித்தான். ஏணிக்கு ஓர் உதை. தடால்!

"நீ... யாரு?"

"நாளைக்கு நீ கோர்ட்டுக்குப் போகக் கூடாதுன்னு வந்தவன்!"

நோலீனுக்குப் புரிந்துவிட்டது. தெருமுனை பப்புக்குத் தீ வைத்துவிட்டு ஓடிய ப்ரெட்டைக் கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்திதான். உள்ளே தூங்கிய சமையல்காரர் பிழைக்கவில்லை.

"புயலடிச்சா கூரையிலேர்ந்து யாராவது விழத்தான் செய்வாங்க. நான் குதிச்சுப்பேன். நீ விழுவ!"

"கத்துவேன்!"

"கத்தேன்! தெரு பூரா ஜெனரேட்டர் சத்தம்."

உண்மைதான். கரண்ட் இன்னும் வரவில்லை...

போனைப் பிடுங்கி வீசினான். அது சரிந்துபோய், விளிம்பில் மழைநீர் ஓடும் பள்ளத்தில் சிக்கியது.

நெருங்கினான்.

நோலீன் நகர்ந்தாள். ஸ்க்ரூ வரிசையை விட்டுக் கால் பிசகாமல்! அடியில் மரச்சட்டம் அங்கே மட்டும்தான். இதே பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் வளர்ந்து, மேலே போன கிரிக்கெட் பந்தை எடுத்துப் பழகிய கால்.

"எங்கே போவ?"

குறுக்கே பாய்ந்தான்.

படார்!

ஷீட் உடைந்து அக்குள் வரை உள்ளே! தலையும் இரண்டு கையும் மட்டும் வெளியே.

"ஐயோ! தகரக் கூரைன்னுல்ல சொன்னான்!"

"யாரு?"

"தூக்கி விடுக்கா... கால் தொங்குது!"

"இப்பத்தானேடா தள்ளிவிடப் பார்த்த? சொன்னது யாரு?"

"டாரில்! ப்ரெட்டோட அண்ணன்!"

நோலீன் பள்ளத்தில் கிடந்த போனைப் பார்த்தாள்.

"நீ விழுந்தப்புறம் அவன் உன் போன்ல 'நான் வரலை'ன்னு மெசேஜ் விட்டுத் தப்பிச்சுக்கறதா பிளான். நீ எடுத்துத் தொலைச்சுட்ட!"

ஸ்க்ரூ வரிசையிலேயே தவழ்ந்து போய்ப் போனை எடுத்தாள். போலீஸ் வந்தது. டாரிலைப் பிடிக்க இன்னொரு வண்டி பறந்தது.

கான்ஸ்டபிள் ஏணியை மறுபடி சாத்தி ஏறித் தலை நீட்டினார். "மேடம், உங்க பாத்ரூம்ல ரெண்டு கால் தொங்குது. இறக்கிடவா?"

வானம் கறுத்துக்கொண்டிருந்தது. நோலீன் நெற்றியைத் துடைத்தாள்.

"நாளைக்குக் காலையில கோர்ட்டுக்குப் போய் சாட்சி சொல்லணும் சார். கூரைக்கு வேற ஆள் தேட நேரமில்ல. மழை விடற வரைக்கும் இவனே ஓட்டையை அடைச்சுக்கிட்டு இருக்கட்டும்!"