சும்மா கேட்டேன்

பின்லாந்துப் பட்டையைக் காதுக்குப் பின்னால் ஒட்டி நாலு மணி நேரம் ஆகியிருந்தது. எதிரே திரையில் தாம்பரே நகர ஓய்வூதிய நிதியத்தார் மூவர் உட்கார்ந்திருந்தார்கள். நம்ம தாம்பரம் இல்லை, இது பின்லாந்தில் இருக்கும் தாம்பரே. அவர்கள் ஒன்றரை நிமிடமாக வாயே திறக்கவில்லை. செண்பகவல்லியும் திறக்கவில்லை. பட்டை இல்லாவிட்டால் எதையாவது உளறிக் காரியத்தைக் கெடுத்திருப்பாள். இப்போதோ அந்த மௌனம் நல்ல சகுனம் என்று உடம்புக்கே தெரிந்தது. கடைசியில் நடுவில் இருந்தவர் “சரி” என்றார். அவ்வளவுதான், ஒப்பந்தம் முடிந்தது.

மொழி ஒரு சிக்கலாக இருந்த காலம் எப்போதோ மலையேறிவிட்டது. காதில் கிடக்கும் மொழிச்செவி எந்தப் பேச்சையும் எந்தப் பேச்சாகவும் மாற்றிவிடும். ஆனால் மதுரைக்காரர் ஒருவர் “பார்க்கலாம்” என்றால் அதற்கு முடியாது என்று பொருள் என்பது அந்தச் செவிக்கு எப்படித் தெரியும்? அது பாட்டுக்கு, வாடிக்கையாளர் ஆர்வமாக இருக்கிறார் என்று பெயர்த்துவைக்கும். இப்படியே கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் நிதி நிறுவனங்களுக்குப் புத்தி வந்தது. ஆள் எடுக்கும் விளம்பரங்களில் மொழி போய், பேச்சின் உட்பொருளைப் பிடிக்கிற நயம் கேட்க ஆரம்பித்தார்கள்.

அப்புறம் நயப்பட்டை வந்தது. ஒரு நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவரின் மூளை, எதிராளியின் முகத்தையும் குரலையும் தயக்கத்தையும் எப்படி எடைபோடுகிறது என்று மாதக்கணக்கில் பதிவுசெய்து, விரல் அகலப் பட்டைக்குள் அடைத்திருந்தார்கள். ஒட்டிக்கொண்டால் நீங்களும் அந்த நாட்டுக்காரர்போலவே பிறரைப் புரிந்துகொள்வீர்கள். அதைக் கழற்றும்வரை உங்களுடைய சொந்த நயம் தூங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி ஓய்வு கொடுங்கள், இல்லாவிட்டால் தூங்கியது எழும்பத் தாமதமாகும் என்று கையேட்டில் எழுதியிருந்தது. வல்லி வேலை பார்த்த மேழி காப்பீட்டு நிறுவனத்தில் கையேட்டை யார் படித்தார்கள்? எட்டு நயம் கையாளத் தெரிந்தவர்களுக்குத்தான் அங்கே நாற்காலி. வல்லிக்கு எட்டும் தெரியும். அதோடு, மேழியின் தமிழ்நயப் பட்டையே ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளிடமிருந்து பதிவுசெய்யப்பட்டதுதான். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் உண்டு.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால், அவளுடைய மேசையருகே அண்ணன் கோமதிநாயகம் நின்றுகொண்டிருந்தார். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலையில் இயந்திரம் பார்க்கிறவர். கையில் ஒரு பை.

அவர் எதற்கு வந்தார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வல்லிக்குத்தான் அப்போது தெரியாது. அவருக்கு இதய வால்வு பழுதாகியிருந்தது. புதன்கிழமை அறுவை. ரத்த சொந்தம் ஒருவர் கூட இருந்து கையெழுத்துப் போடாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இதைக் கூடப்பிறந்தவளிடம் வாய்விட்டுக் கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. அவளாகக் கேட்டால் சொல்லலாம், கேட்காவிட்டால் ஊருக்கு வண்டியேறிவிடலாம், பிறகு ஆண்டவன் விட்ட வழி என்று முடிவு பண்ணித்தான் வந்திருந்தார்.

என்ன திடீரென்று வந்திருக்கிறாய் என்று கேட்டாள் வல்லி.

“சும்மாதான் தாயி. பாத்து நாளாச்சுல்லா.”

பின்லாந்துப் பட்டை இன்னும் காதில்தான் இருந்தது. அவர்கள் ஊரில் ஒருவர் சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. துருவித் துருவிக் கேட்பது அவரை நம்பாததற்குச் சமம். வல்லி அண்ணனை முழு மரியாதையோடு நம்பினாள். மதினியைப் பற்றி விசாரித்தாள். நன்றாக இருக்கிறாள் என்றார். உடம்பு எப்படி என்றாள். அதுக்கென்ன, சும்மா ஓடுது என்றார். பிறகு பையைக் கைமாற்றிக்கொண்டே மெல்லக் கேட்டார்.

“புதன்கெழம ஒனக்கு லீவு கெடைக்குமா?”

“இல்லண்ணே. அன்னைக்கு ரெண்டு கூட்டம் இருக்கு.”

“சரி சரி. சும்மா கேட்டேன்.”

வேலையைப் பார், நான் வாரேன் என்று கிளம்பினார். வல்லியும் சரி என்று அனுப்பிவைத்தாள். மின்தூக்கி வரைக்கும்கூடப் போகவில்லை.

பக்கத்து மேசையில் ஐனோ என்ற பின்லாந்துக்காரி இருந்தாள். மதுரை வாடிக்கையாளர்களைப் பார்ப்பது அவள் வேலை என்பதால் தமிழ்நயப் பட்டை போட்டிருந்தாள். அவள் தன் மொழியில்தான் பேசுவாள். மொழிச்செவி வழியாக வல்லியின் காதில் விழுவது கோவில்பட்டித் தமிழ். பட்டை யாருடையதோ அவர்களுடைய சாயல் பேச்சில் வந்துவிடும். ஐனோவின் கண் கலங்கியிருந்தது.

“ஒருக்கா சொன்னா சும்மா. மூணு தடவ சொன்னா அது சும்மாவா? கெழமையச் சொல்லி யாராவது சும்மா கேப்பாகளா? நெஞ்சத் தடவிக்கிட்டே நின்னாரே, ஒங்க கண்ணுல படலியா?”

ஏதாவது வேண்டுமென்றால் சொல்லியிருப்பாரே என்றாள் வல்லி. சொல்லும்போதே ஏதோ சரியில்லை என்று தோன்றியது. பட்டையைப் பிய்த்தெடுத்துவிட்டு அண்ணன் பேசியதை மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். சொற்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் அகராதிப் பொருள் தெரிந்தது. அதற்கு அடியில் ஒன்றுமே கேட்கவில்லை. காலையிலிருந்து பின்லாந்து, நேற்று முழுக்க ஜப்பான், அதற்கு முந்தின வாரம் பிரேசில். சொந்த நயம் எழும்பவே மாட்டேன் என்றது. அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

ஓடிப்போய்ப் பட்டை வழங்கும் இயந்திரத்தில் தமிழ்நயம் கேட்டாள். அது அவளுடைய பணிக்குறிப்பைப் பார்த்துவிட்டு, பிறப்புநயம் தமிழ், ஆகவே வழங்க இயலாது என்றது. கொல்லன் தெருவில் ஊசி விற்பானேன் என்று நினைத்தார்களோ என்னவோ!

ஐனோதான் தன் பட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். விதிப்படி தவறு, வேலையே போகலாம். கழற்றியதும் அவள் முகத்தில் குழப்பம். அவர் சும்மா வந்ததாகத்தானே சொன்னார், நான் ஏன் அழுதேன் என்றாள். ஆனாலும் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவில்லை.

பட்டை காதில் ஒட்டியதுதான் தாமதம், வல்லிக்குப் பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது. அண்ணன் குரலில் இருந்த நடுக்கம், நெஞ்சைத் தடவிக்கொண்டே கிழமை சொல்லி லீவு கேட்டது, உட்காரச் சொல்லாததால் நின்றபடியே பேசியது, சரி சரி என்று அவசரமாகப் பின்வாங்கியது, எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. அடிப்பாவி, கூடப்பிறந்தவனை நிற்கவைத்தே அனுப்பிவிட்டாயே என்று தன்னைத் திட்டிக்கொண்டே படியிறங்கி ஓடினாள்.

மெட்ரோ நிலையத்து இருக்கையில் அவர் உட்கார்ந்திருந்தார். ஊருக்குப் போகிற ரயிலுக்கும் சீட்டு எடுத்தாகிவிட்டது.

“எந்த ஆஸ்பத்திரிண்ணே?”

அவர் தரையைப் பார்த்தார். அதெல்லாம் ஒண்ணுமில்லை, நீ போ என்றார். அவள் போகவில்லை. புதன்கிழமை நான்தான் உன்கூட இருப்பேன், இப்போதே போய்ச் சேர்ந்துவிடுவோம் என்றாள். அவர் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்ல வாயெடுத்தவர் அழுதுவிட்டார். எல்லாவற்றையும் சொன்னார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் பட்டை கண்ணில் பட்டது. மேலே பொடி எழுத்தில் தமிழ்நயம் என்று இருந்தது. மேழியின் வரவேற்பறையில் அரைமணி நேரம் இதன் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டுதான் அவர் காத்திருந்தார். இப்போது அதையே வெறித்துப் பார்த்தார்.

“வல்லி, என்னயத் தேடி நீ வந்தியா, இது கூட்டியாந்துச்சா?”

இது என்னிடமிருந்து எடுத்ததுதான் அண்ணே, இதுவும் நான்தான் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அது ஆறு வருஷத்துக்கு முந்திய வல்லி. அவளை மேழிக்கு எழுதிக்கொடுத்தாகிவிட்டது. இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் வாயால் பதில் சொல்லக்கூடாது என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது. வல்லி குனிந்து அண்ணனின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, வா என்பதுபோல் நடந்தாள்.

அதுதான் சரியான பதில். அவர் முகம் தெளிந்துவிட்டது.

“நீதான்” என்றார், பின்னாலேயே எழுந்து வந்தபடி. “பட்டைக்கு என்ன தெரியும்?”

பையை எடுக்கச் சொன்னது எது என்று வல்லிக்குத் தெரியவில்லை. கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். கை காது வரைக்கும் போனது. அண்ணன் மூச்சு வாங்க வாங்கப் பக்கத்தில் நடந்து வந்துகொண்டிருந்தார். அவள் கையை இறக்கிக்கொண்டாள்.