ஒரே சட்டி மிட்டாய்

திருத்தங்கலில் ஆறாம் வகுப்பு படிக்கும் வேல்விழிக்குப் பள்ளி அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு கிடைத்தது. அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பரிசை ஏன்தான் வாங்கினோமோ என்று அவள் வருந்தியது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

அவள் செய்தது எளிய சோதனைதான். மக்கள் ஒரு பண்டத்தை ருசிக்காக வாங்குகிறார்களா, பெட்டியின் அழகில் மயங்கி வாங்குகிறார்களா?

அவளுடைய தோழி அழகுமீனாவின் அம்மா பாண்டிலட்சுமி, வீட்டில் கடலை மிட்டாய் செய்து பெட்டிக்கடைகளுக்குப் போடுபவர். அவரிடம் வாங்கிய மிட்டாயை வேல்விழி இரண்டாகப் பிரித்தாள். பாதியை, அப்பா அச்சகத்திலிருந்து கொண்டுவந்த பளபளக்கும் பெட்டியில் அடுக்கி, ‘கம்பெனி மிட்டாய்’ என்று எழுதினாள். மீதியைச் சாதாரணத் தட்டில் வைத்து, ‘வீட்டு மிட்டாய்’ என்று எழுதினாள்.

நடுவராக இருந்த எவாஞ்சலின் டீச்சரைத் தவிர யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. அழகுமீனாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் சோதனை கெட்டுவிடுமே.

வந்தவர்களில் பெரும்பாலானோர் பெட்டி மிட்டாய்தான் ருசி என்றார்கள். ஏழாம் வகுப்பு விக்னேஷ்குமார், வீட்டு மிட்டாய் பல்லில் ஒட்டுகிறது என்று முகத்தைச் சுளித்தான். பிறகு பெட்டியிலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டான். வேல்விழிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கூட்டத்துக்குப் பின்னால் பாண்டிலட்சுமி நின்று கேட்டுக்கொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அழகுமீனா அவளோடு பேசவே இல்லை. பரிசு கிடைத்ததால் பொறாமை என்று வேல்விழி நினைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை, சமாதானம் செய்யலாம் என்று அவள் வீட்டுக்குப் போனாள்.

அடுப்பில் சீனிப்பாகு கொதித்துக்கொண்டிருந்தது. இறுகாமல் கெட்டுப்போன மிட்டாய் தட்டுத் தட்டாக ஓரத்தில் கிடந்தது.

“வா தாயி,” என்றார் பாண்டிலட்சுமி. “அந்தக் கம்பெனி மிட்டாய் எங்கன வாங்குன? நானும் வெல்லத்தை விட்டுட்டுச் சீனி போட்டுப் பாக்கேன். அந்த ருசி வரமாட்டேங்குது.”

தன் சோதனையில் தோற்றது யார் என்பது அப்போதுதான் வேல்விழிக்கு உறைத்தது.

“ரெண்டுமே நீங்க செஞ்சதுதான் அத்தை,” என்றாள் தலையைக் குனிந்தபடி. “ஒரே சட்டி மிட்டாய்.”

பாண்டிலட்சுமி கரண்டியைக் கீழே வைத்தார்.

“அப்ப, நல்லாருக்குன்னு சொன்னாகளே, அதுவும் என்னோடதுதானா?”

கேட்கும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது. அழகுமீனாவின் முகம் மலரவில்லை.

“அம்மா சரியாச் சாப்பிடக்கூட இல்ல, தெரியுமா?” என்றாள். “சோதனை முடிஞ்சப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?”

மறுநாள் காலை வேல்விழி, டீச்சரிடம் அனுமதி கேட்டு, பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லார் முன்னும் நடந்ததைச் சொன்னாள். தட்டிலும் பெட்டியிலும் இருந்தது பாண்டிலட்சுமி அத்தை செய்த மிட்டாய்தான் என்றாள். அத்தை மனம் நோகும் என்று யோசிக்காமல் தான் சிரித்ததையும் மறைக்கவில்லை.

கூட்டத்தில் நின்ற விக்னேஷ்குமார் தலையைச் சொறிந்தான்.

“அப்ப என் பல்லுலதான் ஏதோ கோளாறு,” என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். வேல்விழிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மாலையில் வீடு திரும்பும்போது அழகுமீனா பக்கத்தில் வந்து நடந்தாள். பிரியும் இடத்தில், அடுத்த சோதனையில் தானும் கூட இருக்கப்போவதாக மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் இல்லாமல் அடுத்த சோதனையைத் தொடங்குவதாக வேல்விழியும் இல்லை.