ஆயுத பூஜை கேசட்

விருதுநகர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் போகும் சந்தில், ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது செல்வக்குமாரின் கம்ப்யூட்டர் கடை. உச்சி வெயில் கண்ணைக் கரித்தது. உள்ளே, திரை தெளிவாகத் தெரியட்டும் என்று ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்து வைத்திருந்தான். படியேறி வந்த நாகஜோதிக்கு முதலில் ஒன்றுமே தெரியவில்லை. இருட்டுக்குள் தடவி மேசையைக் கண்டுபிடித்து, பையிலிருந்த வீடியோ கேசட்டை அதன்மேல் வைத்தாள்.

டிஸ்கில் போட்டுத் தர வேண்டும் என்றாள். திங்கட்கிழமை சூலக்கரை கலெக்டர் ஆபீசில் காட்ட வேண்டும்.

"கல்யாண கேசட்டாக்கா? மாப்பிள்ளை மீசைய வேணும்னா கொஞ்சம் கறுப்பாக்கித் தாரேன்."

அவள் சிரிக்காமல் நடந்ததைச் சொன்னாள்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜையன்று சாயங்காலம், நாரணாபுரம் பக்கத்து வெடிக் கம்பெனி ஒன்றில் வெடிமருந்து சலிக்கும் அறை வெடித்து நான்கு பேர் செத்தார்கள். அதில் ஒருவன் கோட்டைச்சாமி, அவள் கணவன். பூஜையன்று அங்கே யாரும் வேலை செய்வதில்லை. சல்லடை, தராசு, கத்திரி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து சாமி முன்னால் அடுக்கிவிட்டால், மறுநாள் விடியும்வரை தொடக் கூடாது. அந்த வழக்கத்தையே கம்பெனி தனக்குக் கவசமாக்கிக் கொண்டது. வேலை இல்லாத நாளில் உள்ளே என்ன வேலை? மருந்து திருடப் புகுந்தவர்கள் என்று சொல்லி, அரசு அறிக்கையிலும் அப்படியே எழுத வைத்தார்கள். திருடர்கள் என்று போட்டு, முதல் பெயராகக் கோட்டைச்சாமியை எழுதினார்கள்.

அவள் மகள் எழிலுக்கு வந்த சம்பந்தம் இரண்டு அந்தப் பேச்சாலேயே முறிந்தது. 'மருந்து களவாண்டவன் மகதானே.' நாகஜோதி அழுது ஓய்ந்து பல வருடமாகிறது. மிச்சம் இருந்தது ஆத்திரம்தான். அறிக்கையைத் திருத்தச் சொல்லி அவள் போட்ட மனுக்களை அதிகாரிகள் ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டார்கள். போன மாதம்தான், அன்றைக்குப் பூஜையை வீடியோ எடுத்தவர் இறந்துபோக, அவர் மனைவி வள்ளித்தாய் இந்தக் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பயந்து ஒளித்து வைத்திருந்தாராம்.

செல்வக்குமார் விளையாட்டை விட்டான். மூன்று வழி இருக்கிறது என்று விளக்கினான். லேப்டாப்பில் ஒரு சின்னக் கருவியைச் செருகி ஏற்றலாம். சீக்கிரம் முடியும், ஆனால் நாடா நைந்த இடத்தில் படம் ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமுமாகப் போய்விடும். கேசட்டை வாங்கி நேராக டிஸ்கில் எழுதும் பெட்டி ஒன்று உண்டு. அது கெட்ட இடம் வந்தால் நீலத் திரை போட்டு மூடிவிடும். மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரின் உள்ளே கேசட் படத்தை ஏற்றும் கார்டு ஒன்று மாட்டியிருக்கிறது. மெதுவானது, சூடாகும். ஆனால் எது நல்ல படம், எது கெட்ட படம் என்று பார்க்காது. வருவதையெல்லாம் வாங்கிக்கொள்ளும்.

முதல் இரண்டையும் முயன்று பார்த்தார்கள். இரண்டுமே நாற்பத்தோராவது நிமிடத்தில் நின்றன. லேப்டாப் கறுத்தது. பெட்டி நீலமானது.

"ஒண்ணையும் விடாம எடுக்கிறது எது?" என்று கேட்டாள் நாகஜோதி.

அவன் மூலையைக் காட்டினான்.

"அதுல போடுங்க."

பழைய இயந்திரம் உறுமிக்கொண்டு கிளம்பியது. பூஜை ஓடியது. பொரி கடலை கொடுத்தார்கள். ஆட்கள் கலைந்தார்கள். வீடியோக்காரர் கேமராவை அணைக்காமலே சாப்பிடப் போய்விட்டார் போலிருக்கிறது. அது சாமி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

நாற்பத்தொன்று.

படம் நடுங்கியது. போர்மேன் பால்பாண்டி வந்து நின்றார். எதிரே நான்கு பேர். நாடாவின் இரைச்சலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"லோடு விடியக்காலம் போகணும்லே. நாலு கிலோ சலிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

"சாமிக்கு வச்சதை இன்னைக்குத் தொடக் கூடாதுங்க, அண்ணாச்சி."

கோட்டைச்சாமியின் குரல்.

பால்பாண்டி குனிந்தார். சாமி முன்னாலிருந்து தன் கையாலேயே சல்லடையை எடுத்தார். குங்குமத்தை வேட்டியில் துடைத்தார். கோட்டைச்சாமியின் நெஞ்சில் வைத்து அழுத்தினார்.

"இப்ப நான்தான தொட்டேன். போலே."

நால்வரும் போனார்கள். சற்று நேரத்தில் திரை வெள்ளையானது.

நாடா முடிந்தது. பக்கத்தில் ஓடிய வீடியோ பிளேயர் கேசட்டை வெளியே தள்ளியது. செல்வக்குமார் அதை உருவிக் கையில் வைத்துக்கொண்டான்.

திரையில் நிமிடம் ஓடிக்கொண்டே இருந்தது.

நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்று.

வெள்ளைக்குள்ளிருந்து ஒரு சுவர் தெரிந்தது. ஒரு தரை. நான்கு முதுகுகள்.

சரக்... சரக்... சரக்...

அறைக்குள் மருந்து வாடை பரவியது. கந்தகமும் எரிந்த மயிரும் கலந்த அந்த வாடையை அவள் பிணவறையில் ஒருமுறை முகர்ந்திருக்கிறாள். செல்வக்குமார் பாய்ந்து மின்கம்பியைப் பிடுங்கினான்.

படம் அணையவில்லை.

முதல் ஆள் திரும்பினான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம் மட்டும். கைகள் நிற்கவில்லை. சலித்துக்கொண்டே அவளைப் பார்த்தான்.

செல்வக்குமார் வாசலுக்கு ஓடிவிட்டான். நாகஜோதி நகரவில்லை. பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"கூடாதுன்னு தெரியும்ல? பெறகு எதுக்குப் போனீக?" அவள் குரல் தாழ்ந்தே இருந்தது. "அவரு குடுத்தா வாங்கிருவீகளா? ஒம்ம மகளக் களவாணி மகங்கிறாக. எம்புட்டு நாளைக்கு இங்கன உக்காந்து சலிப்பீக?"

சத்தம் நின்றது.

"குடுத்தவங்கிட்டயே திருப்பிக் குடுங்க," என்றாள்.

திரை கறுத்தது.

திங்கட்கிழமை சூலக்கரையில் அதிகாரி, செல்வக்குமார் பிறகு எழுதிக் கொடுத்த டிஸ்கை ஓடவிட்டார். பால்பாண்டியையும் வரச் சொல்லியிருந்தார்கள். எழுபதைத் தாண்டியவர்; வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. நாற்பத்தோராவது நிமிடம் தெளிவாக ஓடி, வெள்ளையோடு முடிந்தது. அதற்கப்புறம் டிஸ்கில் ஒன்றும் இல்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். அது தன் குரல் இல்லை என்றார் பால்பாண்டி. மடியில் கிடந்த தன் கைகளை அவர் அப்போது கவனிக்கவில்லை.

அவை இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தன. எதையோ ஏந்திப் பிடித்தாற்போல.

மற்றவர்கள் பார்ப்பதைப் பார்த்துத்தான் அவரும் குனிந்தார். நிறுத்தப் பார்த்தார். கூட வந்திருந்த அவர் மகன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து அழுத்தினான். அவனையும் சேர்த்து ஆட்டின அந்தக் கைகள்.

"நான்தான் எடுத்துக் குடுத்தேன்," என்றார் பால்பாண்டி. "வாங்கிக்கோடா. திருப்பி வாங்கிக்கோ."

அவர் யாரிடம் பேசினார் என்று அதிகாரி கேட்கவில்லை. சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டார். அந்த மாதமே அறிக்கையில் 'திருடர்கள்' அடிக்கப்பட்டு, 'பணியில் இருந்தவர்கள்' என்று வந்தது. எழில் அந்தத் தாளை மூன்று முறை படித்தாள்.

பால்பாண்டியை இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். மதுரையில் டாக்டரிடம் காட்டினார்கள். தூங்கினாலும் கை ஓயவில்லை. ஒருநாள் அவர் மருமகள் முத்துச்செல்வி நாகஜோதியின் வாசலில் வந்து நின்றாள்.

"நீங்க சொன்னா விட்டுருவாகளாம்க்கா. ஒரு வார்த்த சொல்லுங்க."

"எம் பேச்சக் கேட்டு ஆரும் சலிக்க உக்காரல," என்றாள் நாகஜோதி. "நாலு கிலோ முடியட்டும்."

முத்துச்செல்வி போகவில்லை. தணிந்த குரலில் சொன்னாள். தினமும் காலையில் மாமனாரின் கட்டிலுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் தூசி கிடக்கிறதாம், சலித்த மாவு மாதிரி. பெருக்கிப் பெருக்கி மாளவில்லை. நேற்று ஒரு சிட்டிகையைக் கொல்லையில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டிப் பார்த்தாளாம்.

அந்த வீட்டில் இப்போது அடுப்பு பற்றவைப்பதில்லை.