செவலையின் இரத்தம்

செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில் லக்ஸ்மனின் மாட்டுக்கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. கறவைப் பசு செவலையைக் காணவில்லை. கன்று மட்டும் கட்டிய இடத்தில் நின்றது. தரையெல்லாம் இரத்தம்.

அடுத்த லயத்து வரிசை வீடுகளில் எஸ்ரன் வீட்டு விறகுக் குவியலுக்குப் பின்னால் இரத்தம் தோய்ந்த சாக்கு ஒன்று அகப்பட்டது. "இது எங்க வீட்டுச் சாக்குதாங்க" என்று பொலிஸிடம் சொன்னது வேறு யாருமல்ல, அவனைப் பெற்ற அந்தோனியம்மா. "லக்ஸ்மன் மரை மானுக்குக் கண்ணி வைக்கிறாம்மா. வனஜீவிக்காரங்ககிட்ட சொல்லுவேன்னு மெரட்டினேன், அதுக்குத்தான் என்னைய மாட்டிவிடுறான்!" என்று கத்திக்கொண்டே அவன் ஜீப்பில் ஏறினான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று மாலை பனி இறங்கியதும் பசு கத்தியது. எங்கிருந்து என்று தெரியவில்லை. மறுநாளும் கத்தியது. செத்த செவலை கன்றைத் தேடி வருகிறதாம், லக்ஸ்மனே கண்ணால் கண்டானாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பொழுது சாயுமுன் தோட்டமே கதவடைத்தது. அந்தோனியம்மா செபமாலையை உருட்டிக்கொண்டே கிடந்தாள். மகன்தான் அறுத்தான் என்று அவளும் நம்பிவிட்டாள், பாவி.

அடுத்த வாரம், வழக்கை விசாரித்த சப்-இன்ஸ்பெக்டர் ஸ்ரீதரனைத் தேடிக் கண்டியிலிருந்து ரிஸ்னா வந்தாள். மாடுகளின் இரத்தத்தில் வாழும் கிருமிகளை மரபணுவை வைத்து இனம் பிரிக்கும் கால்நடை மருத்துவர். ஆராய்ச்சிக்காகச் செவலையின் இரத்தத்தை முன்பே எடுத்து வைத்திருந்தவள். சாக்கைப் பரிசோதித்தவளும் அவளே.

"சாக்குல இருக்கிறது செவலைட இரத்தமில்ல, சேர்."

"எப்பிடிச் சொல்றீங்க?"

"செவலைக்கு உண்ணி கடிச்சு வந்த கிருமி ஒண்டு இருந்திச்சு. வந்தா லேசுல போகாது. சாக்குல அது இல்ல, வேறொண்டு இருக்கு. மைக்ரஸ்கோப்புல ரெண்டும் ஒரே மாதிரி. மரபணுவப் படிச்சாத்தான் வித்தியாசம் தெரியும். இது மரைக்கு வாற கிருமி."

ஸ்ரீதரனின் முகம் மாறியது. இருவரும் கொட்டிலுக்குப் போனார்கள். ரிஸ்னா கன்றின் வாய்க்குள் விரலை விட்டாள். வெள்ளையாகப் பால் நுரை.

"கண்டுக்கு என்ன குடுக்கிறீங்க?"

"புல்லுதாங்க" என்றான் லக்ஸ்மன்.

"பால்குடிக் கண்டு, தாயக் காணாட்டித் தொண்டை கிழியக் கத்தும். உங்கட கண்டு மட்டும் வயிறு நிறைஞ்சு தூங்குது. எல்லாரும் பேய்க்குப் பயந்து காதப் பொத்தினாங்களே தவிர, கண்டு ஏன் கத்தல்லண்டு ஒருத்தரும் யோசிக்கல்ல. தாய்ப்பால் தினமும் வருது. கறக்கிறது நீங்க. பசு எங்க?"

லக்ஸ்மனின் கண் தன்னையறியாமல் பள்ளத்துப் பக்கம் போனது. அங்கே, கொழுந்து பறிக்கும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பரா, பல வருடமாக மூடிக் கிடந்தது. பூட்டை உடைத்தார்கள். உள்ளே செவலை, உயிரோடு. மூலையில் மரைத் தோல்.

"எஸ்ரன் அண்டைக்கே சொன்னானே, சேர்" என்றாள் ரிஸ்னா.

பொலிஸ் நிலைய வாசலில் அந்தோனியம்மா சேலைத் தலைப்பைக் கசக்கியபடி நின்றாள். "நானே அவன நம்பலையே டாக்டர். அவன் மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

எஸ்ரன் வெளியே வந்தான். ரிஸ்னாவின் முன் நின்று, "பெரிய உதவிங்க" என்றான். பிறகு தாயைத் தாண்டி, தெரியாத ஒருத்தியைத் தாண்டுவதுபோல், பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தான்.